முத்துமாரி வாசிக்க வேண்டிய செய்தி

வியாழக்கிழமை, இரவு

இன்று காலை வழிபாட்டில் செய்தி வாசிக்கும் முறை முத்துமாரிக்கு. பத்தாம் வகுப்பில் என் பெஞ்சில் உட்காருபவள். நாலு பேர் முன்னால் பேசினால் அவளுக்குத் திக்கும். இரண்டாவது வரியில் ‘மாவட்ட’ என்ற சொல்லில் நின்றுவிட்டாள். பின்வரிசையில் சிரித்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற நான் தாளை வாங்கி மீதியை வாசித்து முடித்தேன்.

நல்லது செய்ததாகத்தான் நினைத்திருந்தேன். மாலையில் ஆனையூர் பஸ்ஸில், “நானே சொல்லிருப்பேன்டி. உனக்கு என்ன அம்புட்டு அவசரம்?” என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கொய்யாவில் பெரிய பாதியை எப்போதும்போல எனக்குத்தான் கொடுத்தாள். அதுதான் உறுத்துகிறது.

டீச்சரிடம் கேட்டு நாளைக்கும் அவளே வாசிக்கப் போகிறாள். “பக்கத்துல நில்லு. ஆனா கைய நீட்டாத” என்றாள்.

நிற்பேன். எவ்வளவு நேரமானாலும் நிற்பேன்.