மஞ்சள் இலைகளுக்கான உறைகள்

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாம் வரிசை நெல் நாற்றுகளுக்கு இன்று இரண்டாம் படி உப்புநீர். முழு உப்பையும் ஒரே நாளில் ஊற்றினால் எந்தப் பயிரும் சுருண்டுவிடும். படிப்படியாகத்தான் பழக்க வேண்டும். இந்தப் பயிர் ஆராய்ச்சிக் கூடத்தில் பதினோரு வருடமாக என் உத்தியோகமே இதுதான் — உயிரோடு இருப்பதற்கெல்லாம் உப்பு ஊற்றுவது. இந்தப் பாவம் சும்மா விடுமா?

ஒவ்வொரு தொட்டி முன்னாலும் எண் எழுதிய காகித உறை வைத்தாயிற்று. தானாக விழும் இலை அதில் போக வேண்டும். கை வைத்துப் பறிக்கக் கூடாது.

அண்ணன் போன் செய்தான். கரை உடைந்து கடல்நீர் அவன் வயலுக்குள் புகுந்து இரண்டு வருடம், போட்டதெல்லாம் கருகல். அண்ணியின் தம்பி தூரத்து ஊரில் அவனுக்கு ஒரு கிடங்கு வேலை பார்த்து வைத்திருக்கிறான். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். “உன் நெல்லு தேறும்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் எங்கயும் போகல.”

மார்ச் 13, வியாழன்

அடி இலைகள் மஞ்சள். குருத்து பச்சைப் பசேல்!

வேர் தன்னால் ஆன மட்டும் உப்பைத் தடுக்கிறது. மீறி ஏறுவதை மூத்த இலைகளில் கொண்டுபோய் அடைக்கிறது. அவை பழுத்து விழும், குருத்து தப்பிக்கும். இன்னும் பத்து நாள். விழுந்த இலைகளில் எவ்வளவு உப்பு என்று தெரிந்தால் கூடத் தலைவி மேடம் கையெழுத்துப் போட்டுவிடுவார். அண்ணனுக்கு விதை கொடுத்துவிடலாம்.

மார்ச் 17, திங்கள்

ஐயோ. அந்த நேரத்துல நான் ஏன் போனேன்?

அண்ணன் பயிரைப் பார்க்க வந்திருந்தான். பதிவேட்டை எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனேன். கால் மணி நேரம்கூட இல்லை. திரும்பி வந்தால் அவன் கையில் ஒரு கட்டு மஞ்சள் இலை.

“என்னம்மா, பயிரை இப்படியா வெச்சிருப்ப? எல்லாத்தையும் கழிச்சு விட்டுட்டேன். இப்பப் பாரு, முகம் கழுவின மாதிரி இருக்கு.”

இருபத்து நாலு தொட்டி இலையும் ஒரே கட்டு. எது எந்தத் தொட்டியிலிருந்து வந்தது? இனி யாரைக் கேட்க? காலி உறைகள் வரிசையாக நிற்கின்றன.

“நல்லாருக்குண்ணே” என்றேன். அந்த முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்ல?

மார்ச் 18, செவ்வாய்

வெளியாள் உள்ளே வரக் கூடாது, விட்டது நான். அதனால் மேடத்திடம் நானே பறித்தேன் என்று சொன்னேன்.

“நீங்களா?” என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுபடி விதையிலிருந்து தொடங்க வேண்டும். ஜூலை ஆகிவிடும்.

மார்ச் 21, வெள்ளி

குருத்து நுனி கருகுகிறது. உப்பை அடைக்க அதற்கு வேறு இடமில்லை.

மார்ச் 29, சனி

“என்னம்மா, தேறுமா?”

“இன்னும் தெரியலண்ணே.”

கொஞ்சம் பொறு என்று நாக்கு நுனி வரை வந்தது. எதை நம்பிச் சொல்ல? என் பேச்சைக் கேட்டு இருந்துவிட்டு, அப்புறம் தேறவில்லை என்றால்? அவன் வீட்டில் உலை வைக்க நானா போவேன்?

“சரி, விடு” என்றான்.

ஏப்ரல் 2, புதன்

போய்விட்டான்.

ஜூன் 8, ஞாயிறு

அண்ணன் வயல் முழுக்க உமரிச் செடி முளைத்துக் கிடக்கிறதாம். யாரும் விதைக்கவில்லை. அது உப்பை உதிர்க்காது. தண்ணீரைக் குடித்துத் தடித்து, உப்பைத் தன் சதைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்.

“கொழுகொழுன்னு நிக்குது, பாத்தாலே எரிச்சலா வருது” என்றார் அண்ணி.

ஜூலை 24, வியாழன்

தேறிவிட்டது. மேடம் காலையில் கையெழுத்துப் போட்டார். அண்ணனைக் கூப்பிட்டேன். அவனுக்குப் பின்னால் வண்டி இரைச்சல்.

“தேறிடுச்சுண்ணே.”

“நல்லதும்மா. பக்கத்து வயக்காரருக்குக் குடு. அவர் இன்னும் அங்கதான் கெடக்கார்.”

“நீ வாயேன்.”

“இங்க ரெண்டு வருஷத்துக்கு எழுதிக் குடுத்தாச்சு.” பிறகு, மெதுவாக: “அன்னைக்கு உன் கவர்லல்லாம் நம்பர் போட்டிருந்துச்சு. கேட்டைத் தாண்டின அப்புறம்தான் எதுக்குன்னு புரிஞ்சுது. திரும்பி வந்து சொல்ல எனக்குத் தைரியம் வரல.”

அங்கே யாரோ அவனை அதட்டிக் கூப்பிட்டார்கள். “வெச்சிடறேன்” என்றான்.

பதினேழாம் தொட்டியில் இன்று ஓர் இலை விழுந்தது. உறையில் போட்டேன்.