அடுப்பு மேடையின் உயரம்

செஞ்சி
3-1-1966

சௌபாக்கியவதி மருமகள் ரஞ்சிதத்துக்கு மாமனார் தாண்டவராயன் எழுதிக்கொள்வது. நீயும் குழந்தை மீனம்பாளும் உன் தகப்பனார் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும் என் மகனும் இருக்கிறோம். சுந்தரமூர்த்தி வழக்கம்போல் சனிக்கிழமை நெய்வேலியிலிருந்து வந்து, திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸுக்குப் போய்விடுகிறான்.

நீ காட்பாடிக்குப் போய் இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. எனக்கு எழுத வேண்டாம். கட்டியவனுக்கு ஒரு கார்டு போடக் கூடாதா? தபால்காரரிடம் தினமும் கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஒரு சமாசாரம் சொல்லத்தான் இந்தக் கடிதம். சமையலறையை இடித்துக் கட்டுகிறேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. கார்த்திகை மழையில் மேற்குப் பக்கத்து ஓடு சரிந்து, இரண்டு வாரையும் உளுத்துப் போயிருப்பது தெரிந்தது. எப்படியும் கை வைத்துத்தான் ஆக வேண்டும். கொத்தனார் கௌஸ் பாஷாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஓட்டை மட்டும் மாற்றினால் ஆகாது, சுவர் வரைக்கும் ஈரம் ஏறியிருக்கிறது என்றார். அதோடு புகைக்கூண்டும், கிழக்கே ஒரு ஜன்னலும், அடுப்புக்கு மேடையும் போட்டுவிடலாம் என்றும் அவரேதான் சொன்னார்.

நீ கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், "எங்க ரயில்வே குவார்ட்டர்ஸ்ல மேடை இருக்குது மாமா, நின்னுக்கினே சமைக்கலாம்" என்று சொன்னாய். நின்றுகொண்டு சமைப்பது ஓட்டல்காரன் வேலை, உன் மாமியார் லட்சுமியம்மாள் சாகும்வரை உட்கார்ந்துதான் சமைத்தாள் என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. இப்போதும் என் அபிப்பிராயம் அதுதான். ஆனால் தரையில் அடுப்பு இருக்கும் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது காதில் இருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்தது உனக்கு மனத்தாங்கல் என்று தெரியும். கொதிக்கிற கஞ்சியோடு குண்டான் வாசப்படியில் இருந்தது என்று நான் சொன்னேன். "நான் மூலையிலதான் வெச்சேன் மாமா" என்று நீ சொன்னாய். "அப்போ குண்டான் தானா நடந்து வந்துதா?" என்று நான் கேட்டேன். உன் தகப்பனாரும் சித்தப்பாவும் இருந்தார்கள், பக்கத்து வீட்டு ஆண்டாள் இருந்தாள், எல்லார் எதிரிலும் உன் புருஷன் கை ஓங்கினான். கை ஓங்கியது தப்பு. அதை அவனிடம் அப்போதே கண்டித்துவிட்டேன். மற்றதை இப்போது எழுத வேண்டாம்.

குழந்தையின் வெந்துபோன இடது கை விரல்கள் மடங்குகின்றனவா என்று மட்டும் எழுது. தேங்காயெண்ணெய் போட்டு நீவச் சொன்னார்கள். நீவுகிறாயா?

ஆசீர்வாதம்.
தாண்டவராயன்


செஞ்சி
24-1-1966

சௌபாக்கியவதி ரஞ்சிதத்துக்கு ஆசீர்வாதம். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. போகட்டும். வேலை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று தெரிவிப்பது என் கடமை, அதனால் எழுதுகிறேன்.

பழைய ஓடு இறக்கியாகிவிட்டது. புது வாரை வாங்கியாகிவிட்டது. மூன்று பக்கத்துச் சுவர் எழும்பிவிட்டது. சிமெண்டுக்குப் பர்மிட் வாங்கத் தாலுகா ஆபீசுக்கு எட்டு நடை நடந்தேன். என்ன கட்டுகிறீர்கள் என்று அங்கே இருந்த பிள்ளை கேட்டான். சமையலறை என்றேன். சமையலறைக்கா சிமெண்டு, மண்ணு போதாதா தாத்தா என்று சிரித்தான். இதே மாதிரிதான் நாலு வருஷம் முன்னால் நான் உன்னிடம் சொன்னேன் என்பது நினைவுக்கு வந்து, பர்மிட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். வழக்கமாக நான் அப்படி விடுகிறவன் இல்லை.

பொங்கலுக்குப் பானை வைக்க இடமில்லை. மாட்டுக் கொட்டகை ஓரத்தில் மூன்று கல்லை வைத்து நானே பொங்கினேன். அடி பிடித்துவிட்டது. ஆண்டாள் கொண்டுவந்து கொடுத்ததைத்தான் சுந்தரமூர்த்தி சாப்பிட்டான். தினமும் மல்லாட்டைத் தோலைப் போட்டு எரித்துக் குனிந்து குனிந்து ஊதுகிறேன். கண் இரண்டும் கோவைப்பழமாக இருக்கின்றன. நீ இந்தப் புகையில் நாலு வருஷம் இருந்தாய். ஒரு நாளும் என்னிடம் கண் எரிகிறது என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்கே தெரியும்.

இடிக்கும்போது பழைய அடுப்புக்குப் பின்னால், மூலையில், தரையில் வட்டமாக ஒரு வெள்ளைத் தடம் இருந்தது. தினமும் குண்டான் வைத்து வைத்துக் கஞ்சி படிந்த தடம். "இங்கதான் வெப்பாங்க போலக்குது" என்று கௌஸ் பாஷா காலால் காட்டினார். முதலில் அந்த இடத்தைக் கொத்துங்கள் பாய் என்றேன். அங்கே இப்போது வேலையே இல்லையே என்றார். கொத்துங்கள் என்று சொல்லிவிட்டு நான் வெளியே போய்விட்டேன்.

இப்போது ஒரு விஷயத்தில் வேலை நிற்கிறது. மேடை எந்த உயரத்துக்கு எழுப்ப வேண்டும் என்று பாய் கேட்டார். உன் உயரத்துக்கு என்றேன். "அவங்க எம்மாம் ஒசரம்?" என்றார். நான் கையைத் தூக்கினேன், இறக்கினேன், என்னால் காட்ட முடியவில்லை. "இன்னா பெரியவரே, நாலு வருசமா அவங்க கையால சோறு துன்னீங்க, ஒசரம் தெரியாதா?" என்று அந்த மனிதர் கரணையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆண்டாள் விடுவாளா? "அது உங்க எதிர்ல என்னிக்கு நிமுந்து நின்னுது, உங்களுக்குத் தெரியறதுக்கு?" என்றாள். என் வீட்டு விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரி பேச வேண்டியதில்லை என்று அவளைத் திட்டி அனுப்பினேன். ஆனால் அவள் சொன்னது சரி. என் நினைவில் நீ அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கிறாய், அல்லது குனிந்து பரிமாறுகிறாய். சுந்தரமூர்த்தியைக் கேட்டேன். தன் தோளில் கையை வைத்து "இது வரைக்கும் வருவா" என்றான். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

ஆகவே நீ ஒரு காரியம் செய். தரையிலிருந்து உன் இடுப்பு வரை ஒரு நூலைப் பிடித்து அறுத்து, கவரில் வைத்து அனுப்பு. ஒரு வரியும் எழுத வேண்டாம். நூல் போதும். எழுதுவதானால் குழந்தையின் விரல்களைப் பற்றி எழுது.

தாண்டவராயன்


செஞ்சி
8-2-1966

ரஞ்சிதத்துக்கு.

உன் கார்டு நேற்று வந்தது. நூல் இல்லை. விரலைப் பற்றியும் இல்லை. ஒரே ஒரு கேள்வி எழுதியிருக்கிறாய்: "குண்டானை நான் எங்கே வைத்தேன் என்று உங்கள் மகனிடம் சொல்லிவிட்டீர்களா மாமா?"

கார்டில் எழுதினால் தபால்காரர் படிப்பார் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறாய். படித்துவிட்டுத்தான் கொடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. மருமகள் மாமனாரைக் கேட்கிற கேள்வியா இது என்று மாலை வரைக்கும் கொல்லையில் நடந்தேன். மாலைக்கு மேல் கோபம் நிற்கவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. முப்பது வயதில், கணக்கு எழுதுகிற ஒருவன் என் நிலத்துப் பட்டாவைத் தப்பாக வாசித்துக் காட்டினான் என்கிற ஆத்திரத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அடுத்தவன் சொல்லும் பொய்யைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட படிப்பு. இந்தக் கடிதத்தை வேறு யாரிடமும் சொல்லி எழுதவைக்க முடியாது. அதற்கு அந்தப் படிப்பு உதவுகிறது.

குண்டான் நடந்து வரவில்லை. நான் தூக்கி வந்தேன்.

அன்று நீ கஞ்சியை வடித்து, மூலையில் வைத்து, மேலே பலகை போட்டு மூடிவிட்டுத்தான் கிணற்றடிக்குப் போனாய். மறுநாள் தொண்டூரில் ஒரு நிச்சயதார்த்தம். பெரியவர்கள் வரிசையில் என்னை உட்கார வைப்பார்கள். வேட்டிக்குக் கஞ்சி போட்டு மொடமொடவென்று நிற்க வைக்க வேண்டும். உன்னிடம் சொன்னால் கஞ்சி ஆறட்டும் மாமா என்பாய். காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. பலகையை எடுத்து வைத்தேன். பழந்துணியால் பிடித்து நானே தூக்கினேன். வாசப்படியில் காற்று வரும், சீக்கிரம் ஆறும் என்று அங்கே வைத்துவிட்டு, கொடியில் கிடந்த வேட்டியை எடுக்கப் போனேன். பத்தடி தூரம் இருக்குமா? திரும்புவதற்குள் குழந்தையின் சத்தம்.

அந்த வேட்டியில்தான் அவளைச் சுற்றித் தூக்கினேன். "பெரியவரு நல்ல சமயத்துல சுத்தமான துணியில சுத்தி எடுத்தாந்தாரு" என்று நர்ஸம்மா சொன்னாள். ஆண்டாள் அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். அந்த நேரத்தில் என் கையில் வேட்டி எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பாராட்டையும் நான் வாங்கிக்கொண்டேன்.

முதலில் பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. "எப்படி ஆச்சு நைனா?" என்று சுந்தரமூர்த்தி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து கேட்டபோது, குண்டான் வாசப்படியில் இருந்தது என்றேன். அது நடந்ததுதான். வைத்தது யார் என்று அவன் கேட்கவில்லை. சமையலறை என்றால் நீதானே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் இல்லை. நீ வாய் திறந்து சொன்னாயே, அப்போது சொல்லியிருக்கலாம். உன்னைக் கேலி செய்து வாயை அடைத்தேன். ஐம்பது வருஷமாக இந்த ஊரில் நான் சொன்னது தப்பு என்று நான் ஒரு தரமும் ஒப்புக்கொண்டதில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமைக்காக உன்னை அடி வாங்கவிடப் பார்த்தேன்.

உன் கேள்விக்குப் பதில்: இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை வருவான். சொல்கிறேன்.

தாண்டவராயன்


செஞ்சி
14-2-1966

அம்மா ரஞ்சிதம்,

சொல்லிவிட்டேன். சனிக்கிழமை அவன் வந்து கை கால் கழுவி உட்கார்ந்தான். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்றுதான் இருந்தேன். சாதத்தைப் பார்த்ததும் முடியவில்லை, முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவன் சண்டைக்கு வந்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். எனக்குச் சண்டை போடத் தெரியும். அவன் சண்டைக்கு வரவில்லை. "அவ சொன்னத நான் ஒரு தரமாச்சும் காதுல வாங்கனனா நைனா?" என்று மட்டும் கேட்டான். இலையை மூடிவிட்டு எழுந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பஸ் ஏறிவிட்டான். ஏறும்போது, "நீயே போயி அவங்க எதிர்ல சொல்லு. நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றது?" என்றான். அவன் உனக்குத் தனியாக எழுதுவான். எழுதாவிட்டால் எனக்குத் தெரிவி.

ஆண்டாளிடமும் சொன்னேன். தெரு முழுக்கப் பரப்பியவள் அவள்தானே, இதையும் பரப்பட்டும் என்று சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள். அவள் அவ்வப்போது கொடுத்தனுப்பும் குழம்பும் இரண்டு நாளாக வருவதில்லை.

சமையலறை விவரம். ஓடு வேய்ந்தாயிற்று. ஜன்னல் வைத்தாயிற்று, காலை வெயில் நேராக உள்ளே விழுகிறது. புகைக்கூண்டில் வைக்கோலைக் கொளுத்திப் பார்த்தோம், புகை ஒழுங்காக மேலே போகிறது. தரைக்குச் சிமெண்டு பூசி, வழுக்காமல் இருக்கக் கோடு இழுத்திருக்கிறது. மேடை மட்டும் கட்டவில்லை. ஆண்டாள் உயரத்துக்குக் கட்டிவிடலாம், இரண்டு விரல்கடைதான் வித்தியாசம் இருக்கும் என்று பாய் சொன்னார். வேண்டாம் என்றேன். செங்கல்லும் கடப்பைக் கல்லும் சுவரோரம் கிடக்கின்றன. நீ வந்து நின்று காட்டினால் கட்டட்டும். வராவிட்டால் அப்படியே கிடக்கட்டும். நான் கொட்டகையிலேயே பொங்கிக்கொள்கிறேன். இதை மிரட்டலாக எழுதவில்லை. எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை.

வரும் ஞாயிறு அமாவாசை. மேல்மலையனூர்க் கோயில் கூட்டம் தொடங்கிவிட்டால் பஸ்ஸில் கால் வைக்க முடியாது. ஆகையால் வியாழக்கிழமையே புறப்பட்டுத் திருவண்ணாமலை போய், அங்கிருந்து ரயிலில் காட்பாடி வந்து சேருகிறேன். மாலை நாலு மணிக்குள் உங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருவேன். உன் தகப்பனாரையும் தாயாரையும் இருக்கச் சொல். அன்று ஆஸ்பத்திரியில் இருந்த உன் சித்தப்பாவையும் கூப்பிட முடிந்தால் கூப்பிடு. என்னை உள்ளே கூப்பிட வேண்டாம். தண்ணீர் கொடுக்க வேண்டாம். வாசலில் நின்று சொல்லிவிடுகிறேன். உன் தகப்பனார் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். எதிர்த்துப் பேச மாட்டேன் என்று இப்போது நினைக்கிறேன். பேசிவிட்டால் நீ என்னை நிறுத்து.

அதற்குப் பிறகு நீ இங்கே வருவதும் வராததும் உன் இஷ்டம். வா என்று சொல்ல எனக்கு வாயில்லை. நீயும் குழந்தையும் எங்கே இருந்தாலும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் சொல்லி முடிக்கிறவரை குழந்தையை உள்ளே வைத்துக்கொள். அவள் என்னைப் பார்த்து ஓடி வந்து அந்தக் கையை நீட்டினால், நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே அவளைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடுவேன். முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம், உனக்கு மனம் இருந்தால், அவளை வெளியே விடு.

தாண்டவராயன்