சுவருக்கு வெளியே தூளி

9 ஜனவரி, திங்கள். ஓசூர், டிராவலர்ஸ் பங்களா.

பனி. வாசலில் நின்றால் எதிரே புளியமரம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சேலத்தில் பஸ் ஏறும்போது வேர்வை, இங்கே இறங்கும்போது பல் கிட்டுகிறது. மப்ளர் மறந்தாயிற்று. சரஸ்வதி எடுத்து நாற்காலி மேல்தான் வைத்தாள். இப்போதும் நாற்காலி மேல்தான் இருக்கும். மூக்கு ஒழுகல் ஆரம்பம்.

வந்த காரியம்: பாகலூர் ரோட்டில் பட்டு நூல் ஆலை. நூல் எடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். சமரசம் பேசி உள்ளே அனுப்ப வேண்டும். அதற்குத்தான் சர்க்கார் எனக்குச் சம்பளம் தருகிறது.

ஆலையைச் சுற்றிப் பார்த்தேன். நீள ஷெட். வரிசையாகக் கொதிநீர்த் தொட்டி. தொட்டியில் பட்டுக்கூடு. நுனி பிடித்துக் கொடுத்தால் போதும், சக்கரம் நீராவியில் தானாகச் சுற்றிக்கொள்ளும். ஆகவே பெண்ணுக்குக் கைக்கு மட்டும்தான் வேலை, கால் சும்மா. அந்தக் காலில்தான் வம்பு. உத்தரத்தில் தூளி கட்டி, தூளியில் குழந்தையைப் போட்டு, கயிற்றைக் கால் கட்டைவிரலில் முடிந்துகொள்வார்களாம். கை நூல் எடுக்கும், கால் தூளி ஆட்டும். ஆலை வந்த நாளாக இப்படித்தானாம். இந்தக் குளிரில் ஊரிலேயே கதகதப்பான இடம் அந்த ஷெட் ஒன்றுதான்.

போன மாதம் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார். இயந்திரம் ஓடும் அறையில் குழந்தை கூடாது என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். முதலாளி தூளிகளை அவிழ்க்கச் சொன்னார். எல்லோரும் அவிழ்த்தார்கள். முனியம்மா என்கிறவள் மட்டும் மறுநாளும் கட்டினாள். முதலாளியே கத்தியோடு வந்து கயிற்றை அறுத்தார். (குழந்தை அப்போது அவள் இடுப்பில். நல்லவேளை.) வாய்ச்சண்டை. அவளுக்கு வேலை போயிற்று. மற்றவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள்.

கேட்பது இரண்டு. குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டும். முனியம்மா திரும்ப வர வேண்டும். பொங்கலுக்குள் முடிந்தால் நல்லது. கூலி நின்று போய், எந்த வீட்டிலும் பொங்கலுக்கு ஒரு படி புது அரிசி இல்லை.

10, செவ்வாய்.

பனி பத்து மணிக்குத்தான் விலகியது. விலகியும் என்ன, வெயில் பால் மாதிரி. நாள் முழுக்க அரைத் தூக்கத்தில் நடப்பது போலவே இருந்தது. ஜலதோஷமும் ஒரு காரணம்.

முதலாளி கிருஷ்ணப்பா ஆபீஸ் அறையில். பெண்கள் ஆலை வாசல் புளியமரத்தடியில். நடுவில் நான். ஒரு பேச்சை இங்கிருந்து அங்கே கொண்டுபோவேன், அங்கிருந்து ஒன்றை இங்கே. இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் கற்றது ஒன்றுதான். சுடச்சுடச் சொன்னதை அப்படியே கொண்டுபோகக் கூடாது. வழியில் நின்று ஒரு வெற்றிலை போட்டு, ஆறிய பிறகு கொண்டுபோக வேண்டும். கல் குவாரியிலும் இதுதான், பஸ் கம்பெனியிலும் இதுதான். வெற்றிலைச் செலவைத் தவிர இந்த வேலையில் வேறு நஷ்டமில்லை.

கிருஷ்ணப்பாவுக்குக் கோபம் தெலுங்கில் வரும், வியாபாரம் தமிழில், சாமி கும்பிடுவது கன்னடத்தில். காலையில் முழுக்கத் தெலுங்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் தம்பிக்கு இடம் இருக்கிறது, தொட்டியையெல்லாம் வண்டியில் ஏற்றி மைசூர் பக்கம் கொண்டுபோய்விடுவேன் என்றார். செய்யக்கூடியவர்தான். கூப்பிடு தூரத்தில் எல்லை.

மத்தியானம் காபி வந்ததும் தமிழுக்கு வந்தார். குரல் இறங்கிவிட்டது. கயிற்றை அறுத்தபோது முனியம்மா சொன்னதை என்னிடம் சொன்னார்:

“புள்ள இல்லாதவனுக்குத் தூளிக்கயிறும் ஒண்ணுதான், மாட்டுக்கயிறும் ஒண்ணுதான்னா சார். அத்தன பேர் முன்னால.”

அவருக்குக் குழந்தை கிடையாது. ஊருக்கே தெரியும். அந்த நிமிஷமே குலதெய்வத்தின் மேல் ஆணையிட்டிருக்கிறார், அவள் இனி அந்த ஷெட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று. இதை எந்த வெற்றிலையால் ஆற வைப்பது?

வாங்க வேண்டியவை: அமிர்தாஞ்சனம். மப்ளர் (விலை கேட்டுப் பார்க்கலாம்). பாப்பாவுக்குக் கிலுகிலுப்பை.

11, புதன்.

இன்று தோல்வி. என் தோல்விதான்.

கேட் பக்கம் காலியாக இருக்கும் கூடு வைக்கும் அறையைக் குழந்தைகளுக்கு விடுவது, ஆயா ஒருத்தியை வைப்பது என்று கிருஷ்ணப்பாவைச் சம்மதிக்க வைத்தேன். எனக்கு ஒரே பெருமை. ஓடிப்போய் மரத்தடியில் சொன்னேன். ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. யூனியன் செல்வராஜ், கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர், கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

கடைசியில் நாகம்மாதான் வாயைத் திறந்தாள். விவசாயக் குடும்பம். ஷெட்டில் முனியம்மாவுக்கு அடுத்த தொட்டி.

“ஆயான்னா எந்தத் தெரு ஆயாங்க?”

அப்போதுதான் உறைத்தது. ஊர்த்தெருவிலிருந்து வருகிறவள் சேரிக் குழந்தையைத் தூக்க மாட்டாள். சேரியிலிருந்து வந்தால் இவர்கள் குழந்தையைக் கொடுக்க மாட்டார்கள். ஷெட்டுக்குள் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிதான், ஆவியில் எல்லா முகமும் ஒன்றுதான். ஆனால் வெளியே தண்ணீர்ப் பானை இரண்டு இருக்கிறது. திங்கட்கிழமையே பார்த்தேன். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. தூளி இருந்தவரை இந்தக் கேள்வியே எழுந்ததில்லை, அவரவர் குழந்தையை அவரவர் கால் ஆட்டியது. என்ன சமரச அதிகாரி நான்!

மத்தியானம் ஆலைக்குள் சும்மா போய் உட்கார்ந்தேன். கொதிகலனை முழுக்க அணைக்கவில்லை, கொஞ்சம் சூடு வைத்திருந்தார்கள். வெந்த புழு வாடை. முதல் நாள் குமட்டியது, இன்று பழகிவிட்டது. முனியம்மாவின் முக்காலி கடைசித் தொட்டியில், சுவரோரம். அதில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தேன். சுவர் இளஞ்சூடு. கண் சொக்கிவிட்டது.

கனவு. என் கட்டைவிரலில் கயிறு. அது சுவர் வழியாக வெளியே போகிறது, பாகலூர் ரோட்டைத் தாண்டுகிறது, கிருஷ்ணகிரி மலையடியில் போகிறது, தொப்பூர்க் கணவாயில் இறங்குகிறது. பனிக்குள் எங்கேயோ நனைந்து கனக்கிறது. நான் மெல்ல இழுத்தால் சேலத்தில், எங்கள் வீட்டு உள்ளறையில், தூளி ஆடுகிறது. பாப்பா சிரிப்பது இங்கே கேட்கிறது. நிறுத்தினால் அழுவாளோ என்று இழுத்துக்கொண்டே இருக்கிறேன். இவ்வளவு தூரத்துக்கு யார் கயிறு கொடுத்தார்கள் என்று கனவிலேயே ஒரு யோசனை.

விழித்தபோது கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் மாதப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “என்னா சாமி, நீங்களும் தூளி ஆட்டறீங்களா” என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது. போன தடவை வீட்டுக்குப் போனபோது பாப்பா என்னைப் பார்த்துவிட்டு அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். யாரோ மாமா என்று நினைத்திருப்பாள்.

முகம் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். நீராவிக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகும் இடம், கண்ணுக்கு நேரே. குழாயைச் சுற்றிக் கை நுழையும் அளவு சந்து. அதன் வழியே கொஞ்சம் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது.

சந்தைப் பார்த்தேன். என் கட்டைவிரலைப் பார்த்தேன்.

12, வியாழன்.

குளிர் அதிகம். மூக்கு அடைப்பு. ஆனால் மனசு லேசு.

சொன்னேன். உத்தரவில் இருப்பது இயந்திரம் ஓடும் அறை. சுவருக்கு வெளியே அறை இல்லை. ஷெட்டின் பின்சுவரை ஒட்டிக் கீற்றுச் சாய்ப்பு ஒன்று இறக்குவோம். தூளிகள் அங்கே. தொட்டிக்கு நேராகச் சுவரில் ஒவ்வொரு துளை. கயிறு துளை வழியாக உள்ளே வரும், அம்மாவின் காலுக்கு. சுவரின் சூடு குழந்தைக்கும் உண்டு.

செல்வராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இது சட்டமா சார், சர்க்கஸா?” இரண்டும்தான் என்றேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ கன்னடத்தில் ஏதோ சொல்ல, மொத்த மரத்தடியும் சிரித்தது. என்னைத்தான். இருக்கட்டும்.

கிருஷ்ணப்பாவும் சிரித்தார், வந்ததிலிருந்து முதல் தடவை. கொத்தனாரை நாளைக்கே வரச் சொல்கிறேன் என்றார். உடனே சிரிப்பு நின்றது. “முனியம்மா மட்டும் கிடையாது சார். ஆணைய மீறினா அந்தச் சாமிகிட்ட நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போறது?”

இன்ஸ்பெக்டரையும் டெலிபோனில் கேட்டேன். ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள தூளிகளின் அருகில் ஒரு பெண் எப்போதும் இருக்க வேண்டும் என்றார். மறுபடி அதே ஆயா.

13, வெள்ளி. போகி.

புகையும் பனியும் ஒன்றாகி, மனிதர்கள் எல்லோரும் இடுப்புக்கு மேலேதான் நடமாடினார்கள். பழைய பாய் எரியும் வாசனை.

செல்வராஜ் என்னைத் தனியே கூப்பிட்டார். மேடையில் பேசுகிற குரல் இல்லை. ஒருத்திக்காக இத்தனை வீட்டையும் பட்டினி போட முடியாது, அவளை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவோம் என்றார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். எனக்கும் சரி என்றுதான் தோன்றியது. எத்தனையோ ஒப்பந்தம் இப்படி ஒருத்தனை வெளியே விட்டுத்தான் முடித்திருக்கிறேன். அவர்கள் பேர்கூட மறந்துவிட்டது. ஆனால் இன்று பேனா எடுக்க மனசு வரவில்லை.

முனியம்மாவைப் பார்க்கப் போனேன். சேரிக்கான அந்த இரண்டாவது பானைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். குழந்தை மடியில் தூக்கம். சின்ன உருவம், விரல் நுனியெல்லாம் வெந்நீரில் வெளுத்து ஊறிப்போனவை. அப்படிச் சொன்னது தப்புதானே அம்மா என்று கேட்டேன்.

“தப்புதாங்க. அந்தக் கயிறு எம் பொடவைய கிழிச்சுத் திரிச்சது. அறுத்ததும் வாய் வந்துருச்சு.”

அங்கேயே நிற்கும்போதுதான் வந்தது. ஆணை ஷெட்டுக்குள் கால் வைப்பதைப் பற்றி. சாய்ப்பு ஷெட்டுக்குள் இல்லை. தூளிகளின் அருகில் ஒரு பெண் வேண்டும்.

கிருஷ்ணப்பாவிடம் போனேன். இந்தத் தடவை வெற்றிலை போடவில்லை. சாய்ப்பில் தூளிகளைப் பார்த்துக்கொள்ள அவளே இருக்கட்டும் என்றேன். “உள்ள வரமாட்டாளே?” வரமாட்டாள். “தப்புன்னு சொன்னாளா?” சொன்னாள். “அப்ப என் ஆணை ஆணையாவே இருக்கட்டும். கூலி அதே கூலி.” கடைசி வார்த்தையை நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னது.

முனியம்மாவிடம் சொன்னபோது சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நூலெடுத்த கைங்க இது.” பிறகு, நாகம்மாவும் மற்றவர்களும் நிற்கும் பக்கம் பார்த்து: “அவங்க புள்ளய நான் தொடலாங்களா?”

நாகம்மா முந்தானையைச் சரிசெய்தாள். நான்தான் சொன்னேன், நீ தொட வேண்டியதில்லை, ஆட்டுவது அவரவர் கால், நீ பக்கத்தில் இருந்தால் போதும் என்று. சொல்லும்போதே கூசியது. எழுதும்போதும் கூசுகிறது. ஆனால் அதைச் சொன்ன பிறகுதான் எல்லோரும் தலையசைத்தார்கள்.

அவள் கைநாட்டு மட்டும் வைத்தாள்.

மூன்று மணி பஸ். கிலுகிலுப்பை வாங்கியாயிற்று. மப்ளர் இல்லை.

17, செவ்வாய். ஓசூர்.

மறுபடி பனி. ஆலை இன்று திறப்பு. நான் வர வேண்டிய அவசியமே இல்லை. ஒப்பந்தம் அமலாகிறதா என்று பார்க்க என்று ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பாப்பா முதல் இரண்டு நாள் கிலுகிலுப்பையை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடினாள். நேற்றுத்தான் மடியில் உட்கார்ந்தாள். இன்று விடியுமுன் கிளம்பி வந்துவிட்டேன். சரஸ்வதி மப்ளரை மட்டும் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

சங்கு ஊதியது. சக்கரச் சத்தம். பின்பக்கம் போனேன். புதுக் கீற்று வாசனை. சுவரில் வரிசையாகத் துளை, துளையிலிருந்து கயிறு, கயிற்றில் தூளி. ஆட்டுகிற ஆளே கண்ணுக்குத் தெரியவில்லை, அத்தனையும் ஆடிக்கொண்டிருந்தன. பனிக்குள் தூளிகள் தாமாக ஆடுவதைப் பார்த்து நான் இன்னும் முக்காலியில்தான் தூங்குகிறேனோ என்று ஒரு சந்தேகம்.

நடுவில் முனியம்மா, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் குழந்தையின் தூளி கடைசியில், குழாய்ச் சந்துக்கு எதிரே. அதன் கயிறும் உள்ளேதான் போகிறது. வழக்கம் போலக் கட்டிவிட்டாளாம். உள்ளே நாகம்மாவுக்குப் பக்கத்தில் அந்த முக்காலி காலி. அந்தத் தூளி மட்டும் ஆடவில்லை.

சற்றுப் பொறுத்து நாகம்மாவின் குழந்தை அழுதது. கயிறு வேகமாக இழுத்தது, தூளி வேகமாக ஆடியது. அழுகை நிற்கவில்லை, வீறிட்டது. முனியம்மா சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்தாள், குழந்தையைத் தூக்கினாள், மார்போடு அணைத்துக்கொண்டாள். அழுகை அடங்கியது.

வெறும் தூளி லேசாகத் துள்ளியது. கனம் போனது உள்ளே அந்தக் காலுக்குத் தெரிந்திருக்கும். கயிறு நின்றது.

இப்போது நாகம்மா வருவாள், சத்தம் போடுவாள், எல்லாம் மறுபடி முதலிலிருந்து என்று நின்றேன். யாரும் வரவில்லை. சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு குழாய்ச் சந்தில் கயிறு இழுபட்டது. முனியம்மா குழந்தையின் தூளி ஒரு தரம் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்து, ஆடத் தொடங்கியது.

உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று இரண்டடி வைத்தேன். போகவில்லை.

முனியம்மா அந்தத் தூளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாகம்மாவின் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.