பாரியிலிருந்து குத்தாயிசிக்கு மூன்று மணி நேரம்

பாரி, இத்தாலி

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் மகள் மாக்வலா எழுதுவது. முட்டிவலி கொஞ்சமாவது குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

"அங்கேருந்து நம்ம குத்தாயிசிக்கு விமானத்துல மூணு மணி நேரம்தானாமே, ஈஸ்டருக்கு வந்துட்டுப் போயேன்" என்று போனில் கேட்டீர்கள். நான் பார்த்துக்கொள்ளும் கிழவி பிலோமினாவும் நேற்று அதையேதான் கேட்டாள்.

"மிலான்ல இருக்கிற எம்மகன் ரயில்ல வர ஏழு மணி நேரம் ஆகும். உன் ஊரு அதைவிடப் பக்கம்டி. போய் உம்மகளைப் பாத்துட்டு வா."

"போயிடலாம். விசா முடிஞ்சு நாலு வருஷமாச்சு, திரும்ப உள்ள விடமாட்டாங்களே" என்றேன்.

"எம்மகனுக்கு விசாவே வேண்டாம். அவன் மட்டும் வந்துட்டானாக்கும்?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவளுக்கு சூப் ஊட்டினேன்.

இந்த வருஷமும் வர முடியாது அம்மா. வந்தேனென்றால் உங்கள் மருந்துக்கும் லேலாவின் படிப்புக்கும் வழியில்லை. அடுத்த வருஷம் வருகிறேன் என்று சொல்லவும் இப்போதெல்லாம் வாய் வருவதில்லை.

இங்கே வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிவிடும் நானுலியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். லேலாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். ஷூ வாங்கப் போனேன், பிள்ளையின் அளவு தெரியவில்லை. நம் வீட்டு வெந்தயப் பொடியும் கொஞ்சம் வேண்டும்.

நானுலி விமானத்துக்கு நேரமாயிற்று என்று வாசலில் நிற்கிறாள். லேலா கேட்டால், அம்மா ரொம்பத் தூரத்தில் இருக்கிறாள் என்று சொல்லுங்கள். மூன்று மணி நேரம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மாக்வலா