உன் பெயரில் ஐந்து நிமிடம்

அன்புள்ள பெரியவளுக்கு, இங்கே அப்பா, அம்மா, சின்னவள் மூவரும் சுகம், அங்கே உன் உடம்பும் வேலையும் அதே போல் இருக்க வேண்டும். அம்மாவுக்குப் பல் பிடுங்கியாயிற்று, இரண்டு நாளாக வாய் திறக்காததால் வீடு அமைதியாக இருக்கிறது, இதை எழுதுகிறவள் சிரிக்கிறாள். வியாழக்கிழமை மென்பொருள் மாநாட்டுக்குப் போகிறாய். போன வருஷம் போய் மூன்று துணிப்பையும் பதினோரு பேனாவும் கொண்டுவந்தாய், பேசிய ஆள் ஒருவர்கூட இல்லை. லிஃப்ட் மெக்கானிக்குகள் கூட்டத்துக்கு இருபது வருஷமாகப் போகிறவன் சொல்கிறேன், எல்லா அறைக்கும் ஓடாதே. காலையிலேயே பட்டியலைப் பார்த்து இரண்டைப் பிடித்துக்கொள், முன்னால் போய் உட்கார், ஒரு கேள்வியாவது கேள். டீ குடிக்கும்போது போனை நோண்டாதே, பக்கத்தில் நிற்பவரிடம் "உங்க ஆபீஸ்ல எது அடிக்கடி படுத்துக்குது?" என்று கேட்டால் போதும், அரை மணி நேரம் நிறுத்த மாட்டார். விசிட்டிங் கார்டு வாங்கினால் அவர் சொன்னதை அதன் பின்னால் அன்றைக்கே எழுதிவை, ஊர் திரும்பிவிட்டால் எல்லா முகமும் ஒன்றாகிவிடும்.

அக்கா, அப்பா சொல்லச் சொல்ல நான் தட்டியது இதோடு முடிந்தது. "அனுப்பிடு எலி" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். இனி எழுதுவது நான், அவருக்குத் தெரியாது. மாநாட்டின் இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு, அந்த மேடையில் நீ ஐந்து நிமிடம் பேசுவதாக இருக்கிறது. உன் பெயரைக் கொடுத்தது நான்தான். நீ விட்டுப்போன லேப்டாப்பில் உன் பழைய ஈமெயில் இன்னும் திறந்தே கிடக்கிறது. வேலையில் செய்த ஒரு தவறைப் பற்றிப் பேச ஆட்கள் வேண்டும் என்று இரண்டு மாதத்துக்கு முன் அதில் அறிவிப்பு வந்தது. நீ அப்பாவுக்கு எழுதிய ஒரு கடிதத்தை அப்படியே அனுப்பிவிட்டேன். சோதனைக்கான பிரதி என்று நினைத்து நகரத்துப் பேருந்து நேரப் பட்டியல் முழுவதையும் கணினியிலிருந்து அழித்துவிட்டாயே, அந்தக் கடிதம். எல்லா நிறுத்தத்திலும் நேரம் காட்டும் பலகை வெறுமையாகி, அலுவலகத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது நீ எழுந்து நின்று, "நான்தான் அழிச்சேன். நாலு மணி ஆறு நிமிஷத்துக்கு" என்று சொன்னாய். அந்த நிமிடம் தெரிந்ததால்தான் அதற்கு முந்தைய பேக்கப் பிரதியை எடுத்து நாற்பது நிமிடத்தில் எல்லாவற்றையும் திருப்பி வைக்க முடிந்தது. நீ வெட்கப்பட்டு எழுதியிருந்தாய், நான் அதை ஏழு தடவை படித்தேன். எங்கள் வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால் முப்பது பேரும் மேலே சுற்றும் ஃபேனைப் பார்ப்போம். நீ செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்கே தெரியவில்லை அக்கா, அதனால்தான் அனுப்பினேன்.

போன வாரம் மாநாட்டுக்காரர்களிடமிருந்து சரி என்று பதில் வந்தது. குதித்தேன், அப்புறம் உன் மேலாளரும் அங்கே வருகிறார் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. அலுவலக விஷயத்தை வெளியே சொல்லிவிட்டாய் என்று உன் வேலைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினேன், உன் பெயரை எடுக்க மனம் வரவில்லை. உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு. நாளை மாலைக்குள் வேண்டாம் என்று எழுதினால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்களாம், அவர்கள் கடிதத்தை இதோடு சேர்த்திருக்கிறேன். உன் சார்பில் நான் இனி ஓர் எழுத்தும் எழுத மாட்டேன், நீதான் முடிவு செய்ய வேண்டும். பேசுவதாக இருந்தால் முதலில் மேலாளரிடம் கேட்டுவிடு. எப்படியானாலும் திட்டத்தான் போகிறாய், போனில் திட்டாதே, அப்பா எப்போதும் ஸ்பீக்கரில் போடுவார். காலையில் அவரிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவின் ஆசீர்வாதத்தை மேலே தட்ட விட்டுப்போயிற்று, இங்கே வைக்கிறேன்: நல்லா இரு, நேரத்துக்குச் சாப்பிடு, பழகின செருப்பையே போட்டுக்கொண்டு போ. என்னுடையது ஒன்றே ஒன்று. ஒருவேளை பேசினால், எழுந்து நின்ற இடத்தை மட்டும் ஓட்டமாகச் சொல்லிவிட்டுத் தாண்டிவிடாதே. அங்கே கொஞ்சம் நில்.

உன் தங்கை
எலி