மண்ணுக்கு நான் சொன்ன மருந்து

நேற்று மாலை பனவடலிசத்திரத்தில் கோடைமழை. உமது வயல் வரப்பில் நின்றிருந்தேன். அண்டை வயல்களிலிருந்து மண்வாசனை எழுந்து வந்தது. உமது வயலிலிருந்து ஒன்றும் எழவில்லை. ஒரு பிடி அள்ளி முகர்ந்தேன். நனைந்த சாம்பல் போலிருந்தது. ஐயா, நீர் காலமாகி ஏழு மாதமாகிறது.

அந்த முதல் லாரி வந்த நாள் நினைவிருக்கிறதா? கிருமிகளைக் கொல்லும் மருந்தை வடித்தெடுத்தபின் தொழிற்சாலையில் மிஞ்சிய சக்கையை இலவச உரமென்று கொண்டுவந்தார்கள். நீர் லாரியை வயலோரம் நிறுத்திவைத்துவிட்டு, என்னைக் கேட்கச் சங்கரன்கோவிலுக்குப் பஸ்ஸேறி வந்தீர். நான் பாராயணம் முடித்துச் சந்நிதியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தேன்.

"வே புலவரே, மருந்துச் சக்கையாம். மண்ணுல போடலாமா? ஏடு பார்த்துச் சொல்லும்."

என் கையில் அம்மன் சந்நிதிப் புற்றுமண் இருந்தது. தீராத நோய்க்கும் அதை நீரில் கரைத்து உண்பவர்கள் நாம். அந்தச் செருக்கில் சொன்னேன்: "மண்ணே நமக்கு மருந்தாகுது. மருந்து மண்ணுக்கு வெசமாகுமா வே? தைரியமாப் போடும்."

"வெளையலைன்னா உம்ம குடுமியப் பிடிச்சு உலுக்கிருவேன், பாத்துக்கிடும்" என்று சிரித்தீர்.

முதலாண்டு உளுந்து கரும்பச்சையாய் நின்றது. மறு ஆண்டு வெளிறியது. பிடுங்கிப் பார்த்தால், வேரில் மண்ணுயிர்கள் கட்டும் முடிச்சு ஒன்றுகூட இல்லை. முந்தைய போகத்துச் சோளத்தட்டை, வெட்டிப் போட்ட நாளில் இருந்தபடியே கிடந்தது. மண்ணைச் சோதித்த அதிகாரி, "கிருமிக்கு வச்ச மருந்து நல்லது கெட்டது பாக்காதுய்யா. மக்க வைக்கிற உயிரெல்லாம் செத்துப்போச்சு" என்றார். மீளுமா என்றதற்குத் தெரியாது என்றார்.

நீர் என் குடுமியைப் பிடிக்கவில்லை. தட்டையைப் பொறுக்கிக்கொண்டே, "என் கைராசி அப்படி, வே" என்றீர். அணுவுக்குள்ளும் இறைவன் உறைகிறான் என்று வாழ்நாளெல்லாம் உரை சொன்ன நாக்கு இது. கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்களை ஒரே சொல்லில் அழித்தது.

இன்று காலை உம் மகள் என்னைத் தேடி வந்தாள். சோதனை முடிவை அவளிடம் நீர் சொல்லவேயில்லை; சொன்னால் என் பெயர் வருமென்று.

"பெரியப்பா, லாரிக்காரன் வயலுக்குத் திரும்ப வந்து நிக்கான். போன மட்டம் அளவு பத்தலைங்கான். நீங்க சொன்னா எறக்கச் சொல்லுதேன்."

"வேண்டாம் எம்மா. வயலைக் கொன்னதே அதுதான்."

"பின்ன அப்பாட்டப் போடச் சொன்னது யாரு? எத்தனை மட்டம் கேட்டேன், வாயே தெறக்கலை."

"நாந்தான்."

அவள் ஏசவில்லை. வயலுக்குத் திரும்பினாள்; நானும் பின்னே போனேன். லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, கிடந்த தட்டைகளை அள்ளத் தொடங்கினாள். நானும் வயலில் காலெடுத்து வைக்கப் போனேன்.

"நீங்க எறங்காண்டாம், பெரியப்பா."

சந்நிதிக்குத் திரும்பிப் பாராயணத்துக்கு அமர்ந்தேன்; பாட்டில் ஓர் அடியும் எழவில்லை. ஒருமுறையேனும் நீர் என்னை ஏசியிருக்கலாம். ஏசாமலே எடுத்துப் போய்விட்ட அந்தச் சொல்லை, ஐயா, இனி நான் எங்கே போய்க் கேட்பேன்?