குடிமாறிய குடல்வால்

மார்ச் 3

காலையிலிருந்து வலப்பக்கம், விலா எலும்புக்குக் கீழே வலி. ஆறாம் மாதத்தில் எந்த வலி வந்தாலும் குழந்தையே பொறுப்பு என்பது எங்கள் குடும்பத்தின் முடிவு. அக்கா போனில், "உதைக்கிறான்டி, சந்தோஷப்படு" என்றாள். பட்டேன். பிறகு வாந்தி எடுத்தேன்.

மார்ச் 4

"குடல்வாலா இருக்குமோ?" என்றார் கணவர். சிரித்தேன். பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவள் நான். போன வருடம்தான் ஒரு மருத்துவக் கையேட்டை வரி வரியாகப் பார்த்தேன். குடல்வால் வலி வலது அடிவயிற்றில் வரும். அங்கே அமுக்கிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. "புத்தகத்துல தெளிவா இருக்கு. இது வாயு" என்று தீர்ப்புச் சொன்னேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு, வண்டிச் சாவியோடு வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

மார்ச் 5

காய்ச்சல். சாவி வென்றது.

அறுவை மருத்துவர் சிறிய உருவமுள்ள பெண். விலாவுக்குக் கீழே விரலை வைத்தார். கூரை வரை போய்வந்தேன். ஆனாலும் கையேட்டை மேற்கோள் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் புத்தகத்துல இருக்கிற வயித்துல குழந்தை இருந்துச்சாம்மா?"

"இல்ல."

"கர்ப்பப்பை பெருசாக ஆக, குடல்வாலை மேல தள்ளிடும். உங்களது குடிமாறி ரொம்ப நாளாச்சு."

உள்ளே ஓர் உயிர் வளர்ந்தது; மற்றதெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் நகர்ந்து இடம் விட்டிருக்கிறது. நான் பேருந்தில் பை வைத்த இருக்கையைக்கூட லேசில் விட்டதில்லை.

ஸ்கேனிலும் குடல்வால் வீங்கித்தான் தெரிந்தது. "ஆபரேஷனால குழந்தைக்கு ஆபத்து இல்லையா?" என்றார் கணவர்.

"கொஞ்சம் இருக்கு. ஆனா குடல்வால் உள்ளேயே உடைஞ்சா ஆபத்து ரொம்ப அதிகம். இன்னைக்கே எடுத்துடலாம்."

ரெண்டு நாளா வாயு, வாயுன்னு சொல்லிட்டிருந்தேனே — என்ன படிச்சு என்ன?

மார்ச் 6

நேற்று ஆபரேஷன் மேசையை இடப்பக்கம் சாய்த்தார்கள். "குழந்தையோட பாரம் பெரிய ரத்தக்குழாய அமுக்கக் கூடாதுல்ல, அதுக்குத்தான். அதுவும் உங்களோட சேர்ந்து தூங்கும்" என்றார் மயக்க மருத்துவர், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல.

விழித்தபோது நர்ஸ் என் வயிற்றில் ஒரு கருவியை வைத்திருந்தார். அதில் யாரோ அவசரமாகத் தட்டச்சு செய்வதுபோல ஒரு சத்தம். இதயம். ஒரு சாண் தள்ளி கத்தி வேலை செய்திருக்கிறது. அந்த இதயம் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்திருக்கிறது. கேலியாகச் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காய்ச்சலைவிட அதுதான் பயமாக இருந்தது.

மார்ச் 7

பிரசவ வலி முன்கூட்டியே வந்துவிடுமோ என்று கண்காணிக்கிறார்கள். வரவில்லை. ஆனால் அசைவும் இல்லை. மயக்கம் தெளிய நேரமாகும் என்கிறார்கள். எவ்வளவு நேரம்? யாரும் —

உதை. தையலுக்குப் பக்கத்திலேயே.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வாயுவா இருக்கும்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஜூலை 11

ஆஸ்பத்திரியில் எனக்கும் மகளுக்கும் எடை பார்த்தார்கள். அவள் தராசில் படுத்துக் கொட்டாவி விட்டாள். இந்த முறை தனித்தனியாகத்தான் பார்த்தார்கள்.